பெரிய ப்ராஜெக்ட் கதையா, கேட்காமலே செய்த சின்ன வேலையா?

"நீங்களாக முன்வந்து செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்" என்று இன்டர்வியூவில் கேட்டால், பலரும் பத்துப் பேர் சேர்ந்து முடித்த பெரிய ப்ராஜெக்டைத்தான் எடுக்கிறார்கள். கேட்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பதில் முழுக்க "நாங்கள் செய்தோம்" என்றே போகும். "சரி, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வியில் திணறல்தான்.

சின்ன வேலை அப்படியில்லை. வாராவாரம் அறிக்கையில் ஒரே கூட்டல் பிழை வருவதைக் கவனித்தேன், யாரும் சொல்லாமலே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தேன், மேலாளரிடம் காட்டினேன், அப்புறம் குழுவே அதைப் பயன்படுத்தியது, பிழை நின்றது என்று சொல்லிப் பாருங்கள். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று இன்டர்வியூ பதிலை வரிசைப்படுத்திச் சொல்லும் ஸ்டார் (STAR) முறையின் நான்கு பகுதிகளும் தானாக வந்து விழும். என் ஓட்டு இதற்கே.

தலைமைப் பண்பைக் கேட்டால் பெரிய கதை எடுபடும், அதுவும் ஒத்துவராத ஒருவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று சொன்னால்.