சிலோசோ கோட்டையா, பேட்டில்பாக்ஸா?

சிங்கப்பூர் வர்றவங்க ரெண்டுல ஒண்ணுதான் பாக்க நேரம் இருக்கு, எதுக்குப் போறதுன்னு கேப்பாங்க. ரெண்டுமே பிரிட்டிஷ் ராணுவம் இருந்த இடம், ரெண்டும் சொல்றது 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் ஜப்பான்காரங்க கையில விழுந்த கதைதான், ஆனா பாத்துட்டு வந்தப்புறம் மனசுல நிக்கிறது வேற வேற.

சிலோசோ செந்தோசா தீவோட மேற்கு ஓரத்துல இருக்கு, துறைமுகத்துக்குக் காவலா 19ஆம் நூற்றாண்டுல கட்டினது. திறந்தவெளி, மரம், சுரங்க வழின்னு பசங்க ஓடி ஆடிப் பாக்கலாம், டிக்கெட் கிடையாது, 11 மாடி உயர ஸ்கைவாக்குக்கு லிப்ட் இருக்கு. பீரங்கிக்குப் பின்னாடி நின்னு அது பாக்குற திசையிலயே பாத்தா நேரா கடல்தான். எதிரி அந்தப் பக்கம் கப்பல்ல வருவான்னு காத்துக்கிட்டிருந்தாங்க, அவன் மலாயா ரோட்டுல சைக்கிள மிதிச்சுக்கிட்டு வடக்குலேருந்து வந்துட்டான். பீரங்கியத் திருப்பவே முடியலன்னு இன்னும் நிறையப் பேர் நம்புறாங்க, அது சரியில்ல, சிலோசோ பீரங்கியத் திருப்பி நிலத்தப் பாத்தும் சுட்டிருக்காங்க.

பேட்டில்பாக்ஸ் அப்படியே நேர் எதிர். ஃபோர்ட் கேனிங் மலைக்குள்ள 9 மீட்டர் ஆழத்துல கட்டின கட்டளை மையம், சின்னச் சின்ன ரூம், குறுகலான நடை, ஜன்னலே கிடையாது. பிப்ரவரி 15 காலையில பிரிட்டிஷ் படைத் தலைவர் பெர்சிவலும் மத்த தளபதிங்களும் இங்கதான் உக்காந்து பேசினாங்க, தண்ணி தீரப்போகுது, குண்டும் கொஞ்சம்தான், நகரத்துல மக்கள் நெருக்கியடிச்சுக் கிடக்காங்க, சரி சரணடைஞ்சிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்த ரூம் அளவப் பாத்ததும் எனக்கு நெஞ்ச அடைச்சிடுச்சு, இவ்வளவு பெரிய முடிவு இத்தனூண்டு இடத்துலயா!

நம்ம ஆளுங்களுக்கு இதுல இன்னொரு சேதியும் இருக்கு. சரணடைஞ்ச படையில பெரும்பங்கு இந்திய சிப்பாய்ங்க, ரெண்டு நாள் கழிச்சு ஃபேரர் பார்க்ல அவங்கள ஜப்பான்காரங்க கையில ஒப்படைச்சாங்க, இந்திய தேசிய ராணுவத்தோட கதை அங்கேருந்துதான் கிளம்புது. லிட்டில் இந்தியாவுல சாப்பிட்டுட்டு அந்தப் பக்கம் நடக்குறப்போ இத நினைக்காம என்னால இருக்க முடியல.

சின்னப் பிள்ளைங்களோட வந்தா யோசிக்காம சிலோசோ போங்க. தனியாவோ, வரலாறு பிடிச்சவங்க கூடவோ வந்தா என் ஓட்டு பேட்டில்பாக்ஸுக்குத்தான். ரெண்டுக்கும் நேரம் இருந்தா காலையில வெயில் ஏறுறதுக்குள்ள சிலோசோவ முடிச்சுட்டு, மத்தியானம் மலைக்குள்ள இறங்குங்க.