ரோஸ் ஹில்லில் ஒரு குடும்ப ஆலோசனை நிலையம்: ஒரு தாயின் மதிப்பீடு

மொரீஷியஸில் உயர்நிலைத் தேர்வில் முன்னிலை பெற்று அரசு உதவித்தொகை வெல்லும் 'லொரியா' மாணவர்களின் பெயர்கள் அறிவிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும், அந்தப் பட்டியலில் நீயும் இடம்பெற வேண்டும் என்று என் மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். 16 வயதில் அவளுடைய உறக்கமும் பேச்சும் குறைந்த பிறகே ரோஸ் ஹில்லில் உள்ள இந்த நிலையத்தை நாடினோம்.

முதல் இரண்டு அமர்வுகளில் ஆலோசகர் என்னை வெளியே இருக்கச் சொன்னது வருத்தமளித்தது; அதுவே சரியான முடிவு என்று பின்னர் உணர்ந்தேன். மூன்றாம் அமர்வில், உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-இல் விவரித்த ஒரு நிலையை எளிமையாக விளக்கினார்: தானாக எதையும் தேடிப் பாராமல், பெற்றோர் வகுத்த பாதையையே பிள்ளை தன் அடையாளமாக ஏற்றுக்கொள்வது. மருத்துவப் படிப்பு தன் விருப்பமா, அம்மாவின் விருப்பமா என்று தனக்கே தெரியவில்லை என அவள் அன்றுதான் வாய் திறந்து சொன்னாள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

தேர்வுக் காலத்தில் மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்தது ஒரு குறை. கட்டணமும் குறைவன்று. ஆயினும், பிள்ளையை மட்டும் திருத்தித் தரும்படி கேட்காமல், தாமும் உடனமர்ந்து கேட்கத் தயாராக உள்ள பெற்றோருக்கு இந்நிலையத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.