டாய்ச்லாண்ட் டிக்கெட்: மூன்று வருடமும் ஒரு தேக்கு வண்டியும்

ஸ்டுட்கார்ட்டுக்கு நாங்கள் குடிவந்து இது ஐந்தாவது வருடம். இத்தனை நாளில் காசு கொடுத்து வாங்கியதில் எது உருப்படியானது என்று தோழிகள் கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். டாய்ச்லாண்ட் டிக்கெட்தான். இப்போது மாதம் 63 யூரோ. ஜெர்மனி முழுக்க எஸ்-பான் (புறநகர் ரயில்), யூ-பான் (சுரங்க ரயில்), டிராம், டவுன் பஸ், ரீஜனல் ரயில் எல்லாவற்றிலும் இரண்டாம் வகுப்பில் ஏறிக்கொள்ளலாம். ஐசிஇ, ஐசி மாதிரி வேக ரயில்களுக்கும் தனியார் தொலைதூரப் பஸ்களுக்கும் செல்லாது. புதிதாக ஜெர்மனி வருகிறவர்கள் "வாங்கலாமா வேண்டாமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் விலைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2022 கோடையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 9 யூரோ டிக்கெட் ஓடியது. மாதம் முழுக்க ஒன்பதே யூரோ! ஊரே ருசி கண்ட பூனை ஆகிவிட்டது. அதன் வாரிசாக 2023 மே 1-ஆம் தேதி இந்த டிக்கெட் 49 யூரோவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியில் 63. மூன்று வருடத்துக்குள் 14 யூரோ ஏற்றம் என்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு உறைக்கத்தான் செய்கிறது. என் கணவருக்கு அலுவலகத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறார்கள், எனக்கு முழுக் காசும் கைக்காசு. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

முன்பெல்லாம் வெளியே கிளம்பினால் மண்டலக் கணக்கு போட வேண்டும். இந்த வளையத்திலிருந்து அந்த வளையத்துக்கு எத்தனை மண்டலம், ஒற்றை டிக்கெட்டா நாள் டிக்கெட்டா, திரும்பும்போது காலாவதி ஆகிவிடுமா என்று மெஷின் முன்னால் நிற்பேன். பின்னால் ஆள் சேர்ந்துவிடும். கணக்கு குழம்பினால் "சரி, இன்னைக்கு வேண்டாம்" என்று வீடு திரும்பிய நாட்களும் உண்டு. டிக்கெட் கைக்கு வந்த பிறகு அந்தத் தயக்கம் போயே போய்விட்டது. கொத்தமல்லி வாங்க இரண்டு ஸ்டாப் போவேன். திரும்பும் வழியில் மழை வந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே ஏறிவிடுவேன். மகள் "அம்மா, அந்த மஞ்சள் வண்டி எங்க போகுது?" என்றால், "வா, பார்த்துட்டு வரலாம்" என்று சொல்ல முடிகிறது. தூரப் பயணத்தில் மிச்சமாகும் காசைவிட எனக்கு இந்த "வா, பார்க்கலாம்"தான் பெரிது.

ஞாயிற்றுக்கிழமையை இங்கே இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கடை கண்ணி எல்லாம் அடைப்பு. காலையில் பேக்கரி மட்டும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். துளைபோடும் மெஷினை எடுத்தால் பக்கத்து வீட்டிலிருந்து மணி அடிப்பார்கள். வந்த புதிதில் அந்த நிசப்தம் என்னைப் படுத்தி எடுத்தது. இப்போது ஞாயிறு என்றாலே ரயில் நாள். இட்லியில் பொடி தடவி டப்பாவில் அடைத்துக்கொண்டு எட்டு மணிக்குள் கிளம்பிவிடுவோம். ட்யூபிங்கனில் நெக்கர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, நீளக் கழி ஊன்றித் தள்ளும் படகுகளைப் பார்ப்போம். உல்ம் போனோம். அங்கே தேவாலயக் கோபுரம் 161 மீட்டருக்கு மேல், 768 படி. என் கணவர் மட்டும் ஏறிவிட்டு வந்து இரண்டு நாள் காலைப் பிடித்துக்கொண்டார். ஏரிக்கரை ஊரான லிண்டாவில் துறைமுக வாசலில் ஒரு பக்கம் கல் சிங்கம், மறு பக்கம் கலங்கரை விளக்கம். எதிரே ஏரிக்கு அப்பால் தெரிகிற மலைகளில் ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும். எல்லாம் அதே டிக்கெட்டில்.

இதையெல்லாம்விட நான் சொல்ல வந்தது ஒரு சின்ன வண்டியைப் பற்றி.

சென்ற வருடம் மே முதல் ஜூலை வரை அத்தை எங்களோடு இருந்தார், மூன்று மாத விசாவில். கோபிச்செட்டிபாளையத்தை விட்டு அவர் இத்தனை நாள் தள்ளி இருந்ததே கிடையாது. முதல் வாரம் ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். "எங்க போறதுனாலும் உங்களுக்குச் செலவுங் கண்ணு" என்பார். அவர் பெயரில் ஒரு டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து, "அத்தை, மாசக் காசு கட்டியாச்சு. நீங்க ஏறினாலும் அதே காசு, ஏறாட்டியும் அதே காசு" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் காலை ஏழு மணிக்குச் செருப்பு போட்டுக்கொண்டு கதவருகே நின்றார்.

ரயிலில் அறிவிப்பை வைத்தே அவர் ஜெர்மன் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று சொல்வார்கள். "ரெஷ்ட்ஸ்" என்றால் வலது, "லிங்க்ஸ்" என்றால் இடது. பத்தே நாளில் எங்களுக்கு முன்னால் அத்தை சரியான கதவுக்குப் போய்க் கம்பியைப் பிடித்து நிற்பார். வீட்டில் நான் உப்பு டப்பாவைத் தேடினால் சோபாவில் இருந்தபடியே "ரெஷ்ட்ஸ் கண்ணு, ரெஷ்ட்ஸ்" என்று குரல் வரும்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், வேறு வேலை எதுவும் இல்லாமல், எங்கள் ஊரிலேயே இருக்கும் ஸுட்ஹைமர் பிளாட்ஸுக்குப் போனோம். அங்கிருந்து மேலே காட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு கயிற்று ரயில் ஏறுகிறது. ஸைல்பான் என்பார்கள். 1929-இல் ஓடத் தொடங்கியது. துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் ஏறும் வண்டி என்பதால் ஊர்க்காரர்கள் இதற்கு "சொத்துக்குக் காத்திருப்பவர்களின் எக்ஸ்பிரஸ்" என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். மகளுக்குக் கல்லறை பற்றி எதுவும் சொல்லவில்லை. "மலை ஏறும் வண்டி" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனேன்.

கதவைத் தாண்டி இரண்டடி வைத்ததும் அத்தை நின்றுவிட்டார். சுவர்ப் பலகையில் உள்ளங்கையை வைத்து நீளமாக ஒரு தடவு தடவினார். அப்புறம் விரல் மடக்கி இரண்டு தட்டு. குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

"கண்ணு, இது தேக்குங்."

எனக்குத் தெரியாது. "இங்க ஏதுங்க அத்தை தேக்கு? வேற ஏதாவது மரமா இருக்கும்" என்றேன். அவர் அப்பா மரக்கடை வைத்திருந்தவர். சின்ன வயதில் தூக்கத்தில் மரத்தைத் தொட்டாலும் பெயர் சொல்வேன் என்று அத்தை பலமுறை சொல்லியிருக்கிறார். "வேணும்னா கேட்டுப் பாரு" என்றார் உறுதியாக. வண்டியில் இருந்த பணியாளரிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தேக்கேதான்! பழைய வண்டி, பாதுகாக்கப்பட்ட சின்னம், மரத்தை மாற்ற விடமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அத்தை வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வண்டி மரங்களுக்கு நடுவே மெதுவாக ஏறியது. பாதி வழியில் எதிர் வண்டி இறங்கி வந்து பக்கத்துத் தண்டவாளத்தில் உரசுகிற மாதிரி கடந்து போனது. மகள் அதிலிருந்தவர்களுக்குக் கையாட்டினாள், அவர்களும் ஆட்டினார்கள். அத்தை வெளியே பார்க்கவில்லை. ஜன்னல் சட்டத்தின் இணைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆணி கண்ணுக்கே தெரியல பாரு, எங்கய்யன் பார்த்திருந்தா இங்கயே உக்காந்திருப்பாரு" என்றார். மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்காமல் அப்படியே திரும்பி வந்தோம். மறுபடி ஒரு தடவை ஏறினோம். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும் என்றிருந்தால், இரண்டாவது ஏற்றத்துக்கு அத்தை சம்மதித்திருக்கவே மாட்டார்.

அதேபோல எங்கள் ஊர் மாரியன்பிளாட்ஸிலிருந்து மேட்டில் இருக்கும் டேகெர்லோக் பகுதிக்கு ஏறும் பல்சக்கர ரயிலும் இந்த டிக்கெட்டில் உண்டு. 1884-இலிருந்து ஓடுகிறது. மேலே ஏறும்போது சைக்கிள்களை ஏற்றிக்கொள்ள முன்னால் தனிப்பெட்டி. ஊர் முழுக்கக் கிண்ணத்துக்குள் இறங்கிக் கிடப்பது அங்கிருந்துதான் தெரியும். விருந்தினர் வந்தால் முதலில் இதில் ஏற்றுங்கள்.

இனி குறைகள். விடுமுறை நாளில் இந்த டிக்கெட்டை நம்பிக் கிளம்புகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மே, ஜூனில் வியாழக்கிழமை விடுமுறைகள் வரும். வெள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டால் நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும். அந்த வெள்ளிக்குப் பெயரே ப்ரூக்கன்டாக், பால நாள். ஊர் மொத்தமும் அந்தப் பாலத்தில்தான் ஏறும். சென்ற வருடம் மே 29, ஹிம்மெல்ஃபார்ட், அதாவது இயேசு விண்ணேறிய நாள் விடுமுறை. அன்றைக்கேதான் இங்கே அப்பாக்கள் தினம். ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கைவண்டியில் பீர் பெட்டி அடுக்கி இழுத்துக்கொண்டு ரயில் ஏறுவார்கள். அத்தை வாய் பிளந்து பார்த்தார். "இந்தப் பக்கத்து அப்பனுங்களுக்கு நல்ல நோன்பி" என்றார். நாங்கள் ஏரிக்குக் கிளம்பினோம். நிற்கத்தான் இடம் கிடைத்தது. வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, மேற்கொண்டு ரயில் ரத்து என்று பலகையில் ஒற்றை வரி போட்டார்கள். ஏன், எப்போது அடுத்தது, பஸ் உண்டா, ஒரு தகவலும் இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரம். கடை பூட்டியிருந்தது, கழிவறையும் பூட்டியிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்காவது யாராவது வந்து பதில் சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தைதான் அன்றைய நாளைக் காப்பாற்றினார். பூச்செடித் தொட்டியைச் சுற்றிப் பரப்பியிருந்த கூழாங்கற்களில் ஐந்தைப் பொறுக்கிவந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அஞ்சாங்கல். ஒன்றைத் தூக்கிப்போட்டு அது விழுவதற்குள் கீழே உள்ளதை வாரிப் பிடிக்கும் அந்தக் கை வேகத்தை நானே அன்றுதான் பார்த்தேன். மகள் ஒட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்து நின்றான், ஏழு வயது இருக்கும். மகள் அவனுக்கு ஜெர்மனில் விதி சொன்னாள். அவன் தூக்கிப்போட்ட கல் மண்டையில் விழுந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி போட்டான். அத்தை தமிழில் எண்ண, அவன் ஜெர்மனில் எண்ண, அவன் அப்பா கைவண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தானும் குந்திக்கொண்டார். ரயில் வந்தபோது அந்தப் பையன் ஐந்து கல்லையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினான்.

இன்னும் சில விஷயம், சுருக்கமாக. இது சந்தா. நிறுத்தாவிட்டால் மாதாமாதம் காசு எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மாதத்தோடு முடிக்க வேண்டும் என்றால் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தாக வேண்டும். அத்தை ஜூலையில் கிளம்புகிறார் என்று ஜூலை 8-ஆம் தேதியே ரத்து செய்துவிட்டேன். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்கிறவர்கள் முடிந்தால் மாதத் தொடக்கத்தில் வருகிற மாதிரி விமானம் போடுங்கள், டிக்கெட் காலண்டர் மாதத்துக்குத்தான். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போக முடியாது. பரிசோதகர் அடையாள அட்டை கேட்பார், அத்தை பாஸ்போர்ட்டைத் துணிப்பையில் வைத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். செல்போனில் வைத்திருந்தால் சார்ஜ் முக்கியம். ஒரு முறை 3 சதவீதத்தில் பரிசோதகர் பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்து வந்தபோது, எனக்கு உயிரே போய்விட்டது. அதற்குப் பிறகு சிப் அட்டைக்கு மாறிவிட்டேன்.

ஆறு வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். எங்கள் மகளுக்குப் பிப்ரவரியில் ஆறு முடிந்தது. எங்கள் மாநிலமான பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் சிறுவர், இளைஞர்களுக்கான சலுகை விலை டிக்கெட் இருக்கிறது, விண்ணப்பித்திருக்கிறோம். தன் பெயர் போட்ட அட்டை வரப்போகிறது என்று தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.

யாருக்கு வேண்டாம்? மாதம் ஓரிரு முறைதான் வெளியே போகிறீர்கள் என்றால் வேண்டாம். வேலைக்குக் காரில் போய், விடுமுறைக்கு நேரே பெர்லின், ஹாம்பர்க் என்று தூரம் போகிறவர்களுக்கும் ஒத்துவராது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து மியூனிக் ஐசிஇ-யில் சுமார் இரண்டு மணி நேரம். ரீஜனலில் உல்மில் மாறினால் மூன்று மணி நேரத்துக்கு மேல். எங்களுக்கு அது பரவாயில்லை. ஆனால் மியூனிக் போய்த் தங்கினால் அங்கிருந்து சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் இதே டிக்கெட் செல்லும், ஆஸ்திரியாவையும் எட்டிப் பார்த்துவிடலாம். ஹாம்பர்க் போனால் துறைமுகத்தில் 62-ஆம் எண் படகில் ஏறுங்கள், அதுவும் இதில் சேர்த்தி. அந்தரத்தில் தொங்கிப் போகும் வுப்பர்டால் ரயிலும் உண்டு. 1901-இலிருந்து ஓடுவது. நாங்கள் இன்னும் பார்க்கவில்லை, இந்தக் கோடையில் போக வேண்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது விலை ஏறிக்கொண்டே போவதற்காக.

அத்தை மறுபடி ஜூனில் வருகிறார். ஒன்றாம் தேதி இறங்குகிற மாதிரிதான் விமானம் போட்டிருக்கிறோம். நேற்றுப் பேசும்போது குளிர் எப்படி, காய்கறி விலை என்ன என்று எதுவும் கேட்கவில்லை. "அந்தத் தேக்கு வண்டி சன்னல் ஓரம் பாலீஷ் போயிருந்துச்சே, பூசிட்டாங்களானு ஒரு எட்டு போய்ப் பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். இன்று மாலை போகிறேன்.