மண் ஸ்கேனரை நம்பி உரம் போடலாமா?

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மண் ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறோம். கைக்கு அடக்கமான கருவி. மண்ணின் மேல் அகச்சிவப்பு ஒளியை அடித்துத் திரும்பி வருவதை அளக்கும், ஏற்கெனவே ஆய்வுக்கூடத்தில் சோதித்த மண்களை வைத்துப் பழக்கிய கணினி மாடல் ஒன்று தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) எல்லாவற்றையும் போனில் சொல்லிவிடும். கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சளுக்கும் மக்காச்சோளத்துக்கும் சில வருடங்களாக இதைப் பயன்படுத்தி வருகிறேன், வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெருகிவிட்டதால் எழுதுகிறேன்.

கரிமச்சத்தும் களியின் அளவும் ஆய்வுக்கூட முடிவுக்குப் பக்கத்தில் வருகின்றன, அதில் குறை சொல்ல மாட்டேன். அரசு தரும் மண்வள அட்டைக்கு அங்கங்கே 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி எடுத்து ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ கொடுக்கிறோம், அதில் காட்டுக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வு தெரியாது. ஸ்கேனரில் தெரிகிறது. இப்போது தொழுவுரத்தைச் சமமாக இறைக்காமல் சுக்கான் மண் (சுண்ணாம்புக் கல் கலந்தது) இருக்கும் மேட்டுப் பக்கம் கூடுதலாகப் போடுகிறேன்.

வம்பே மணிச்சத்தில்தான். கரிமத்துக்கு ஒளியில் தனி அடையாளம் உண்டு, பயிருக்குக் கிடைக்கிற மணிச்சத்துக்கு அப்படி எதுவும் கிடையாது, மற்றதை வைத்து மாடல் ஊகிக்கிறது, அவ்வளவுதான். வருடக்கணக்காக மணிச்சத்து உரமான டிஏபி கொட்டிய காட்டையும் கொட்டாத காட்டையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் காட்டுக்கு ஆப் 'நடுத்தரம்' என்றது, அதற்கு இரண்டு தசமம் வரை எண் வேறு! அதே மண் ஆய்வுக்கூடத்தில், கிடைக்கிற மணிச்சத்தை அளக்கும் ஓல்சன் முறையில், ஹெக்டேருக்கு 22 கிலோவைத் தாண்டி 'அதிகம்' என்று வந்தது. டிஏபியைக் குறைத்தேன், மகசூலில் ஒன்றும் குறையவில்லை.

இரும்பு போன்ற நுண்ணூட்டத்தை இதில் பார்க்கவே வேண்டாம். இரும்பு போதும் என்று ஆப் காட்டிய இடத்திலேயே மஞ்சளின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் வெளுத்துக் கிடந்தன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளித்த பிறகுதான் பச்சை திரும்பியது.

அப்புறம் ஈரம். தண்ணீர் அந்த ஒளியை நன்றாக உறிஞ்சிவிடும், அதனால் பாசனம் முடிந்த கையோடு ஸ்கேன் செய்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நிழலில் உலர்த்தி, இடித்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்துத்தான் வைக்க வேண்டும். 'வயலில் நின்றபடியே முடிவு' என்று விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

தனி ஆளாக வாங்காதீர்கள், குழுவாக வாங்கினால் சரி. அதோடு உங்கள் ஊர் மண்ணின் ஆய்வுக்கூட முடிவுகளை வாங்கி மாடலில் சேர்ப்பார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். எங்களுடையதைக் கொடுத்த பிறகு வந்த அப்டேட்டில் பிஎச் ஓரளவு சரியாகிவிட்டது, மணிச்சத்து இன்னும் அதே 'நடுத்தரம்'தான்.