ஒரே வைஃபை, இரண்டு அழைப்புகள்: இணையப் பேச்சுக்கும் தொலைபேசிச் சட்டம் வேண்டுமா?

மழை ஓயாத ஒரு நவம்பர் இரவில் என் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வீட்டு வைஃபை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் என் கை வாட்ஸ்அப்பைத் திறந்தது. அதிலிருந்து 108-ஐ அழைக்க வழியே இல்லை. சென்னையில் இருக்கும் மைத்துனரை வாட்ஸ்அப்பில் எழுப்பினேன். நான் சொல்லச் சொல்ல, இன்னொரு போனில் அவர் 108-க்குத் திருப்பிச் சொன்னார். "பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த சந்து" என்பது இரண்டு வாய் மாறிப் போய்ச் சேர்ந்தது. இணைய அழைப்பைத் தொலைபேசிபோல் ஒழுங்குபடுத்த வேண்டுமா என்ற கேள்வி எனக்கு அந்தக் குளியலறை வாசலில்தான் பிடிபட்டது.

காதுக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்துக்கு அப்படியில்லை. தொலைபேசி நிறுவனம் உரிமம் வாங்குகிறது, உரிமத்துக்கு உட்பட்ட வருவாயில் 8 சதவீதம் வரை அரசுக்குக் கட்டுகிறது, அடையாளச் சான்று பார்த்தே சிம் தருகிறது, அவசர எண்களை இணைத்துத் தருகிறது. செயலிக்கு இந்தக் கடமைகள் இல்லை. ஆகவே 'ஒரே சேவைக்கு ஒரே விதி' என்கின்றன தொலைபேசி நிறுவனங்கள்.

இதில் பணத்தைப் பற்றிய பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல் இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதுபற்றிக் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. மக்களின் நியாயம் எளிமையானது: டேட்டாவுக்குத்தான் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டோமே! அதோடு, உரிமம் வாங்கியவருக்கு அலைக்கற்றையும் பத்து இலக்க எண்களும் கிடைக்கின்றன. செயலிக்கு அவை கிடைப்பதில்லை. 2016-இல் ஜியோ வந்த பிறகு சாதாரண அழைப்பிலும் பெரும்பகுதி இணையத் தரவுப் பொட்டலங்களாகத்தான் போகிறது.

முழுக் கட்டுப்பாடு எப்படியிருக்கும் என்பதற்கு வளைகுடாவைப் பார்க்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு முடக்கப்பட்டிருக்கிறது. அனுமதி பெற்ற செயலிகளில் பேசுவதற்காக 2018-இல் அங்குள்ள எடிசலாட் தொலைபேசி நிறுவனம் கொண்டுவந்த கைபேசித் திட்டத்துக்கு அப்போது மாதம் 50 திர்ஹம். எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் கணவர் துபாயில் கட்டட வேலை செய்கிறார். அவர் அனுப்பும் குரல் பதிவுகளை மகன் சோறு உண்ணும்போது திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பான். பதிவு போகும், பேச்சு போகாது. தகப்பன் ஒரு நாள் அனுப்பியதற்குப் பிள்ளை மறுநாள் பதில் பதிகிறான். உழைப்பவரின் சட்டைப்பையிலிருந்து தொலைபேசி நிறுவனத்தின் வருமானத்தைக் காப்பாற்றும் இந்த முறை நமக்கு வேண்டவே வேண்டாம்.

முழுச் சுதந்திரமும் சும்மா வருவதில்லை. 'டிஜிட்டல் கைது' என்று சொல்லி, போலீஸ் சீருடையில் வீடியோ அழைப்பில் தோன்றி, ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பைச் சுரண்டுகிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்கும் அளவுக்கு அது பரவியது.

இரண்டுக்கும் நடுவில், தொலைபேசி எண்ணை வைத்துக் கோடு போடும் வழி ஒன்று உண்டு. 2004-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், கணினிக்குக் கணினி பேசும் இலவச இணையச் சேவை ஒன்றுக்குத் தொலைபேசி விதிகள் பொருந்தாது என்றது. ஆனால் 2005 பிப்ரவரியில் ஹூஸ்டனில் கொள்ளையர் சுட்டதில் பெற்றோர் காயப்பட்டுக் கிடக்க, மகள் இணையத் தொலைபேசியில் அந்நாட்டு அவசர எண்ணான 911-ஐ அழுத்தினாள். அழைப்பு அவசர மையத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஆண்டே, சாதாரணத் தொலைபேசி எண்களோடு பேசவும் அவற்றிலிருந்து வரும் அழைப்பை ஏற்கவும் வசதி தரும் இணையச் சேவைகள் 120 நாட்களுக்குள் 911-ஐ இணைத்தாக வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018 சட்டமும் எண் சார்ந்த சேவை, எண் சாராத சேவை என்றுதான் பிரிக்கிறது. நம் பிஎஸ்என்எல் 2018-இல் கொண்டுவந்த 'விங்ஸ்' இந்த வகைதான்: சிம் இல்லாமல் இணையத்தில் பேசலாம், ஆனால் எண் உண்டு, விதியும் உண்டு.

என் தேர்வு இதுதான். எண்ணோடு தொலைபேசி வலைப்பின்னலைத் தொடும் அழைப்புக்கு முழு விதி. செயலிக்குச் செயலி பேச்சுக்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். இந்தியா இன்னும் தெளிவாக முடிவெடுக்கவில்லை. 2022-இல் வெளியான தொலைத்தொடர்பு மசோதா வரைவில் செயலிவழித் தொடர்புச் சேவை என்ற சொல் வெளிப்படையாக இருந்தது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அது இல்லை, வரையறை மட்டும் அகலமாகக் கிடக்கிறது. 2025 நவம்பரில் செயலிக் கணக்கு சிம்மோடு பிணைந்தே இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. மோசடிக்காரனைத் தேடிப் பிடிக்க அது உதவும் என்று நம்புகிறேன். கணினியில் திறந்த கணக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற வேண்டும் என்ற பகுதி, நாள் முழுக்க அதிலேயே ஆர்டர் வாங்கும் கடைக்காரருக்குத் தேவையற்ற தொல்லை. அதற்குப் பதில் செயலிகளில் பொது அவசர எண்ணான 112-ஐ அழுத்தினால் இருப்பிடத்தோடு போய்ச் சேர வழிசெய்யச் சொல்லியிருக்கலாம்.

மாமனார் கட்டிலருகே இப்போது ஒரு மேசைப் போன் இருக்கிறது. வைஃபை தரும் அதே கண்ணாடியிழைப் பெட்டியிலிருந்து, அதே இணையத்தில்தான் அதுவும் பேசுகிறது. ஆனால் அதற்கென்று ஓர் எண் இருக்கிறது. 108-ஐ அழுத்தினால் மணியடிக்கிறது.