ஜோக் எடுபடாத இடத்தில்தான் ஷோ ஆரம்பம்: அமெரிக்க லேட் நைட், ஒரு நெடுநாள் ரசிகனின் அனுபவம்

அமெரிக்க லேட் நைட் ஷோக்களில், அதாவது ராத்திரி நேர நகைச்சுவை-பேட்டி நிகழ்ச்சிகளில், எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், அரங்கமே அதிர்ந்த ஜோக் எதையும் நான் அனுப்புவதில்லை. ஜோக் மொக்கையாகி, கூட்டம் கம்மென்று இருக்க, ஹோஸ்ட் அடுத்து என்ன செய்வதென்று முழிக்கிற கிளிப் ஒன்றைத்தான் அனுப்புவேன். பல வருடமாக விடாமல் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: இந்த ஷோக்களில் எழுதிக் கொண்டுவந்த காமெடி சீக்கிரம் பழசாகிவிடுகிறது. திட்டம் சொதப்பும்போது பிறக்கிற காமெடி அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை.

எப்படிப் பார்க்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய சேனல்களின் ஷோ நியூயார்க் நேரப்படி இரவு 11:35-க்கு. நமக்கு அது அவர்களின் கோடையில் காலை 9:05, குளிர்காலத்தில் 10:05. ஆகவே லேட் நைட் என்பது எனக்கு எப்போதுமே டிபன் நேரத்துச் சமாச்சாரம்தான். அங்கேயும் அது நிஜ ராத்திரி இல்லை. சாயங்காலமே ஆட்களை அரங்கில் உட்காரவைத்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். ஹோஸ்டின் முதுகுக்குப் பின்னால் மின்னுகிற நகரம் வெறும் செட். முழு எபிசோடையும் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. யூடியூபில் துண்டு துண்டாக ஏற்றுவதைத்தான் பார்க்கிறேன். உலகத்தில் பெரும்பாலான ரசிகர்கள் இப்போது அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஷோவின் அமைப்பு எழுபது வருடமாகக் கிட்டத்தட்ட ஒன்றேதான். என்பிசி சேனலின் 'டுநைட் ஷோ' 1954-ல் ஸ்டீவ் ஆலனுடன் தொடங்கியது. ஹோஸ்ட் கோட்டு சூட்டில் வந்து நின்று மோனோலாக் (அன்றைய செய்திகளை வைத்து அடுக்கும் ஜோக்குகள்) சொல்வார், மேசைக்குப் போவார், ஒரு கூத்து நடத்துவார், அப்புறம் விருந்தினர்கள், கடைசியில் ஒரு பாட்டோ ஸ்டாண்ட்-அப்போ.

மோனோலாக்கைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. அது பஜ்ஜி மாதிரி. சுடச்சுட இருக்கும்போது பிரமாதம், ஆறிப்போனால் எண்ணெய் மட்டும்தான் மிஞ்சும். அன்றைய செய்தியை வைத்து எழுத்தாளர் குழு காலையிலிருந்து ஜோக்குகளைக் குவிக்கிறது, அதில் கொஞ்சம் தேறி, ஹோஸ்ட் பார்த்துப் படிக்கிற கியூ கார்டுக்கு வருகிறது. எல்லா ஷோவுக்கும் செய்தி ஒன்றுதான் என்பதால் ஹோஸ்ட்கள் ஜிம்மி ஃபேலன், ஜிம்மி கிம்மல், ஸ்டீஃபன் கோல்பேர் மூன்று பேரும் ஒரே ராத்திரியில் ஒரே ஜோக்கை வேறு வேறு சட்டையில் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். டிரம்ப் வந்த பிறகு இது இன்னும் மோசம். கூட்டம் சிரிப்பதைவிடக் கைதட்டுவதுதான் அதிகம். ஹோஸ்ட் சொன்னது சரி என்று தட்டுகிறார்கள், வேடிக்கை என்று தட்டவில்லை. போன மாத மோனோலாக்கை இன்று போட்டுப் பாருங்கள். பாதிப் பெயர்கள் உங்களுக்கே மறந்திருக்கும்.

விருந்தினர் பகுதியிலும் நாளாக நாளாக ஒரு தையல் தெரிய ஆரம்பிக்கும். வருகிற நடிகர் படத்தை விற்க வருகிறார். அவரிடம் ஷோவின் ஆள் ஒருவர் முன்கூட்டியே பேசி, சொல்லத் தோதான கதைகளைப் பொறுக்கி வைத்திருப்பார். ஹோஸ்ட் சும்மா ஞாபகம் வந்த மாதிரி, "நீங்கள் சமீபத்தில் மீன்பிடிக்கப் போனீர்களாமே?" என்பார். அவரும் ஆச்சரியப்பட்ட முகத்தோடு தயாராக வைத்திருந்த கதையை எடுத்துவிடுவார். இது ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு பேட்டியிலும் அதுவே தெரியும். படிக்கிறவர்களிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன், இனி உங்களுக்கும் தெரியும்.

அப்படியானால் ஏன் இன்னும் பார்க்கிறேன்? ஜானி கார்சனிலிருந்து தொடங்குகிறேன். 1962 முதல் 1992 வரை 'டுநைட் ஷோ'வை நடத்தியவர். அவருடைய அரசியல் ஜோக்குகள் இன்று எனக்கு ஒன்றும் புரிவதில்லை. ஆனால் ஒரு ஜோக் படுத்துவிட்டால் அவர் கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பாரே, அதற்கு எந்த அரசியல் அறிவும் வேண்டாம். ரொம்ப மோசமாகப் படுத்துவிட்டால் பேண்டு ஒரு பழைய மெட்டை மெல்ல எடுத்துக்கொடுக்கும், அவர் நின்ற இடத்திலேயே காலைத் தேய்த்து ஒரு சின்ன ஆட்டம் போடுவார். படுத்த ஜோக்குக்கு விழாத சிரிப்பு, அந்த ஆட்டத்துக்கு விழும்.

டேவிட் லெட்டர்மேன் இதையே தொழிலாக்கிக்கொண்டார். 1982-ல் என்பிசியில் கார்சனுக்கு அடுத்த நேரத்தில் ஆரம்பித்தவர், கார்சனின் நாற்காலி ஜே லெனோவுக்குப் போனதும் 1993-ல் சிபிஎஸ் சேனலுக்கு மாறி, 2015 மே வரை இருந்தார். வெல்க்ரோ உடுப்பு மாட்டிக்கொண்டு சுவரில் பாய்ந்து ஒட்டிக்கொண்டது, மாடி உயரத்திலிருந்து தர்ப்பூசணியைப் போட்டு உடைத்தது எல்லாம் பிரபலம். எனக்குப் பிடித்தது அவர் தெருவுக்குப் போகும் பகுதிகள். பிராட்வேயில் அவருடைய அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுப்பொருள் கடை. அதில் வேலை பார்த்த இரண்டு வங்கதேசத்துக்காரர்களை அடிக்கடி ஷோவில் கொண்டுவருவார். அவர்கள் நடிகர்கள் இல்லை, ஜோக் சொல்லத் தெரியாது. கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வார்கள், லெட்டர்மேன் அதற்குமேல் எங்கே போவதென்று தெரியாமல் நிற்பார். சில நேரம் அந்தச் சிரிப்பு அவர்களைப் பார்த்துத்தானோ என்று எனக்குச் சங்கடமாகவும் இருக்கும். ஆனால் நிறைய தடவை பல்பு வாங்குவது லெட்டர்மேன்தான்.

சங்கடம் என்றதும் இன்னொன்று. தொண்ணூறுகளின் கடைசியில், ஜனாதிபதி கிளின்டனுடனான உறவால் செய்தியான மோனிகா லெவின்ஸ்கியை வைத்து இந்த ஷோக்கள் ராத்திரி ராத்திரியாக அடித்த ஜோக்குகளை இப்போது பார்க்க முடியவில்லை. லெனோ அதில் முன்னணி. ஜனாதிபதியைவிட அந்த இளம்பெண்ணுக்குத்தான் அடி அதிகம். காமெடி பழசாவது வேறு, அசிங்கமாகத் தெரிவது வேறு. பழைய கிளிப்புகளைத் தேடிப் போகிறவர்கள் இதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

அதனால்தான் கிரெய்க் ஃபெர்குசனுக்கு என் மனதில் தனி இடம். ஸ்காட்லாந்துக்காரர், 2005 முதல் 2014 வரை சிபிஎஸ்ஸில் 'லேட் லேட் ஷோ' நடத்தினார். 2007 பிப்ரவரியில் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் தலையை மொட்டையடித்துக்கொண்ட சமயம், மற்ற எல்லா ஷோக்களுக்கும் தீபாவளி. ஃபெர்குசன் வந்து நின்று, இன்று பிரிட்னி ஜோக் கிடையாது என்றார். தான் குடியை விட்டு அந்த வார இறுதியோடு 15 வருடம் ஆகிறது என்று சொல்லி, தன் மோசமான நாட்களின் கதையை ஆரம்பித்தார். காமெடி பலமுள்ளவர்களைத்தான் அடிக்க வேண்டும், விழுந்து கிடப்பவர்களை இல்லை என்பது அவர் கட்சி. கூட்டத்துக்கு எங்கே சிரிப்பது என்றே தெரியவில்லை. அவரும் சிரிக்கவைத்துக்கொண்டேதான் போனார், ஆனால் சிரிப்பு வராத நொடிகளுக்குப் பயப்படவில்லை. என்னிடம் கேட்டால், லேட் நைட் வரலாற்றின் ஆகச்சிறந்த மோனோலாக் அதுதான்.

அவருடைய சாதாரண ராத்திரிகள் அதைவிட வேடிக்கை. பணம் இல்லாத ஷோ. பேண்டு இல்லை. பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்று 2010-ல் ஒரு எலும்புக்கூடு ரோபோவை வைத்துக்கொண்டார். பெயர் ஜெஃப் பீட்டர்சன், செய்துகொடுத்தவர் 'மித்பஸ்டர்ஸ்' என்ற அறிவியல் டிவி ஷோவின் கிராண்ட் இமஹாரா. முதலில் பதிவு செய்த நாலைந்து வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த அது, பிற்பாடு ஜாஷ் ராபர்ட் தாம்ப்சன் நேரடியாகக் குரல் கொடுக்க ஆரம்பித்ததும் ஃபெர்குசனையே ஓட்டத் தொடங்கியது. போதாதற்கு உள்ளே இரண்டு ஆள் நுழைந்து ஆடும் துணிக் குதிரை வேறு. விருந்தினர் வந்து உட்கார்ந்ததும் கேள்விகள் எழுதிய அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிடுவார். மேலே சொன்ன மீன்பிடிக் கதைக்கு அங்கே வேலையே இல்லை. பேச விஷயம் தீர்ந்தால் தீர்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அசட்டு மௌனத்தில் உட்காருவதையே ஒரு ஐட்டமாக்கி விருந்தினருக்கு வழங்குவார். இதே மனிதர்தான் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுடன் ஒரு மணி நேரம் பேசி, ஒளிபரப்புத் துறையின் மதிப்புமிக்க பீபாடி விருதும் வாங்கினார். நல்ல தரத்தில் கிளிப் கிடைப்பதுதான் கஷ்டம். ரசிகர்கள் ஏற்றிவைத்த மங்கலான பதிவுகளைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது.

கோனன் ஓ'பிரையனுக்கு நான் எவ்வளவு இடம் கொடுத்தாலும் போதாது. 1993-ல் யாருக்கும் தெரியாத ஒரு எழுத்தாளராக லெட்டர்மேன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தார். 2007 நவம்பரில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்க, 2008 ஜனவரியில் எழுத்தாளர் இல்லாமலே ஷோவை நடத்த வேண்டிய நிலை. நேரத்தை ஓட்ட என்ன செய்தார் தெரியுமா? கல்யாண மோதிரத்தைக் கழற்றி மேசையில் பம்பரமாகச் சுழற்றிவிட்டார். எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பார்கள், அடுத்த நாள் அந்த ரெக்கார்டை உடைக்கப் பார்ப்பார். அவ்வளவுதான் ஐட்டம். அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியில் ஒரு வளர்ந்த ஆள் மோதிரம் சுற்றுவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அதே வருடம் எழுதப்பட்ட நூறு மோனோலாக் ஜோக்குகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

2009 ஜூனில் 'டுநைட் ஷோ' அவர் கைக்கு வந்தது. இரவு பத்து மணிக்கு மாற்றிய லெனோவின் ஷோ ஓடாததால், அவரை 11:35-க்கே கொண்டுவந்து கோனனை நள்ளிரவு தாண்டித் தள்ள என்பிசி முடிவு செய்தது. கோனன் மறுத்தார், 2010 ஜனவரி 22-ல் வெளியேறினார். அந்தக் கடைசி வாரங்களில் இழக்க எதுவும் இல்லாத மனிதரின் குஷியைப் பார்க்க வேண்டும். ஒரு புகாட்டி வேரான் காருக்கு எலி வேடம் போட்டு அரங்கில் நிறுத்தி, சேனல் பணத்தில் 15 லட்சம் டாலர் காலி என்று அறிவித்தார். தொகை சும்மா ஜோக்தான், ஆனால் கோபத்தைக் காமெடியாக்குவது எப்படி என்று அந்த நாட்களைப் பார்த்தால் தெரியும்.

இதே ஷோவில்தான் 2009-ல் காமெடியன் நார்ம் மெக்டொனால்ட் அந்துப்பூச்சி ஜோக்கைச் சொன்னார். அந்துப்பூச்சி ஒன்று கால் டாக்டரிடம் போகிறது. தன் வேலை, மனைவி, பிள்ளைகள், வாழ்வின் வெறுமை என்று ருஷ்ய நாவல் பாணியில் புலம்பித் தீர்க்கிறது. முழ நீளக் கதை, முடிவு சுத்தமான கடி ஜோக். இடையில் கோனன் தவிக்கிற தவிப்புத்தான் நகைச்சுவையே. கடைசி வரியை இங்கே சொல்ல மாட்டேன், தேடிப் பாருங்கள். யாருக்காவது ஒரே ஒரு கிளிப் அனுப்ப வேண்டும் என்றால் இதுதான்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேலன் எல்லாவற்றுக்கும் சிரிப்பார், அதனால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. விளையாட்டுப் பகுதிகள் குழந்தைகளோடு பார்க்க நன்றாக இருக்கும். ஜான் ஆலிவர் வாரம் ஒருமுறை, ஒரே விஷயத்தை அரை மணி நேரம் பிரிப்பவர். 2016-ல் சுமார் 60,000 டாலருக்கு மற்றவர்களின் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் மருத்துவக் கடனை விலைக்கு வாங்கித் தள்ளுபடி செய்து, அந்தக் கடன் வசூல் வியாபாரம் எவ்வளவு மலிவானது என்று காட்டினார். அவருடைய 2020 பிப்ரவரி மோடி எபிசோடை இந்தியாவில் அந்த ஷோவை வைத்திருந்த ஓடிடி தளம் போடவில்லை. யூடியூபில் அது சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நான் காத்திருந்து பார்ப்பது என்பிசியின் இன்னொரு ஹோஸ்ட் சேத் மேயர்ஸின் 'கரெக்‌ஷன்ஸ்' மட்டும்தான். 2021-ல், அரங்கில் கூட்டம் இல்லாத கொரோனா காலத்தில் தொடங்கியது. அந்த வாரம் ஷோவில் செய்த உச்சரிப்புப் பிழை, தப்பான பறவைப் படம் என்று நேயர்கள் பிடித்த குற்றங்களுக்கு அவர் மேசையில் உட்கார்ந்து பதில் சொல்வார். டிவியில் வராது, யூடியூபுக்கு மட்டும். சிரிப்பது ஷோவின் ஊழியர்கள், அதுவும் சில இடங்களில்தான். எங்கோ ஒரு ஆள் மட்டும் களுக்கென்று சிரிக்கும்போது மேயர்ஸ் முகத்தைப் பாருங்கள், கார்சனின் அந்தப் பார்வை கொஞ்சம் இருக்கும்.

பணம் வற்றிக்கொண்டிருக்கிற தொழில் இது. 2024-ல் செலவைக் குறைக்க மேயர்ஸின் பேண்டை எடுத்துவிட்டார்கள், ஃபேலன் ஷோ வாரம் நான்கு ராத்திரியாகச் சுருங்கியது. கோல்பேர் ஷோவை 2026 மே மாதத்தோடு முடிப்பதாக சிபிஎஸ் 2025 ஜூலையில் அறிவித்தது. பணக் காரணம் மட்டும்தான் என்றது சேனல். டிரம்ப் போட்ட வழக்கில் சேனலின் தாய் நிறுவனம் செய்துகொண்ட 1.6 கோடி டாலர் சமரசத்தை கோல்பேர் கிண்டலடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது என்பதால் பலர் அதை நம்பவில்லை. செப்டம்பரில் கிம்மல் ஷோ சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டுத் திரும்பியது. பெரிய அரங்கம், பெரிய பேண்டு, பெரிய சம்பளம் எல்லாம் நீடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது போவதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதெல்லாம் ஒரு மேசை, ஒரு மோதிரம், ஒரு எலும்புக்கூடு செலவில் எடுத்தவைதான். எழுத்தாளர்களின் வேலை போவதுதான் உறுத்துகிறது. எடுபடாத ஜோக்கையும் யாராவது எழுதித்தானே தர வேண்டும்?