மேல்மலைத் தோட்டத்துக்கு 2 இன்ச் ரேம் பம்பு: வாங்கலாமா?

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் ஓடை பள்ளத்தில் ஓடுகிறது. பூண்டும் கேரட்டும் மேட்டில் விளைகின்றன. டீசல் இன்ஜின் இல்லாமல், ஓடையின் இறக்கத்தை வைத்தே தண்ணீரை மேலேற்றுவது ரேம் பம்பு. 1796-ல் பிரான்சில் உருவான அமைப்பு. அசையும் பாகம் இரண்டே வால்வுகள்தான். மலைக்கு இதைவிடப் பொருத்தமான பம்பு கிடையாது, ஊற்று வற்றாத வரை.

குழாயில் வேகமெடுத்து வரும் தண்ணீர், அதை வெளியே வழியவிடும் கழிவு வால்வை அடித்து மூடும். அந்த அதிர்ச்சியில் கொஞ்சம் தண்ணீர் காற்றறைக்குள் ஏறி, அங்கிருந்து தொட்டிக்குப் போகும். அழுத்தம் இறங்கியதும் வால்வு தானாகத் திறக்கும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை இப்படி அடிக்கும்.

4 மீட்டர் இறக்கம், நிமிடத்துக்கு 60 லிட்டர் வரத்து, 30 மீட்டர் உயரத்தில் தொட்டி என்று வைப்போம். 60 சதவீதத் திறனில் நிமிடத்துக்கு 4.8 லிட்டர் ஏறும். இரவு பகலாக ஓடினால் நாளைக்குச் சுமார் 6,900 லிட்டர். பயிருக்குத் தினம் 4 மில்லிமீட்டர் என்றால் சொட்டுநீரில் 40 சென்ட் நனையும். வாய்க்கால் பாய்ச்சலுக்குக் காணாது. மீதி 55 லிட்டர் ஓடைக்கே திரும்பிவிடுவதால் கீழ்க்காட்டுக்காரர்களோடு தகராறு வராது. இதன் பெரிய நன்மையே இதுதான் என்பேன்.

ஓடையிலிருந்து பம்புக்கு வரும் இறங்கு குழாய் (2 இன்ச் என்பது இதன் அளவு) கட்டாயம் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பாக இருக்க வேண்டும். பி.வி.சி. போட்டால் வால்வு அடிக்கும் ஒவ்வொரு முறையும் குழாய் விரிந்து அதிர்ச்சியை விழுங்கிவிடும், இணைப்பிலும் வெடிக்கும். 4 மீட்டர் இறக்கத்துக்கு 20 மீட்டர் நீளம், வளைவில்லாமல். பம்பைக் கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மேலேறும் குழாய்க்கு முக்கால் இன்ச் எச்.டி.பி.ஈ. (கெட்டி பாலித்தீன்) குழாய் போதும். ரேமின் விலையை மட்டும் பார்க்காமல் ஜி.ஐ. குழாயையும் சுமைக்கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அதிகம் படுத்துவது காற்றறைக்குக் கீழே உள்ள ஊசித்துளை. ஒவ்வொரு அடியிலும் துளிக் காற்றை உள்ளே இழுப்பது அது. பாசியோ வண்டலோ அடைத்தால் அறையில் காற்று கரைந்து தீர்ந்து, தண்ணீர் நிரம்பிவிடும். "டக் டக்" என்ற மெத்தென்ற சத்தம் இரும்பில் சம்மட்டி அடிப்பதாக மாறினால் அதுதான் காரணம். உடனே நிறுத்தி, அறையை வடித்து, துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். விட்டால் பம்பின் வார்ப்பிரும்பு உடல் விரிசல் விடும். வால்வு ரப்பர் தேயும், ஒரு செட் கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் வடிகட்டி வலையில் சேரும் இலையைத் தினமும் அள்ள வேண்டும்.

வரத்து ஓரளவுக்குக் கீழே போனால் கழிவு வால்வு மூடாமல் திறந்தே நிற்கும், தண்ணீர் வெறுமனே வழியும். சோலையும் புல்வெளியும் மழையை ஊறவைத்து மெதுவாக விட்ட மேடுகளில் சென்ற நூற்றாண்டில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்கள் வந்தன. ஆழ வேரோடு ஆண்டு முழுவதும் குடிக்கும் மரங்கள் அடர்ந்த இடத்தில் கோடை ஊற்று மெலியும். ஆகவே "தாத்தா காலத்திலிருந்து வற்றாத ஊற்று" என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். மார்ச் கடைசியில் 20 லிட்டர் வாளியை வைத்துப் பாருங்கள். 20 நொடியில் நிறைந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தும். ஒரு நிமிடம் எடுத்தால் 2 இன்ச் வேண்டாம், 1 இன்ச் ரேம் கேளுங்கள். அதற்கும் மேலானால் அந்தப் பணத்தை ஊற்றின் மேல்புறம் சோலைக் கன்று நட்டு வேலி போடச் செலவிடுங்கள்.